லிங்கன் படத்தைத் திருப்பி வைத்தவர்கள்: அமெரிக்கக் கறுப்பின வாக்காளர்கள் அதிபர் வேட்பாளரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க அதிபர் தேர்தல் வரும்போதெல்லாம் நம் ஊர்த் தொலைக்காட்சி விவாதங்களில் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடும்: "கறுப்பினத்தவர் வாக்கு ஜனநாயகக் கட்சிக்குத்தான்." பெருமளவு உண்மைதான். ஏன் அப்படி என்று கேட்டால் மட்டும் "வாக்கு வங்கி" என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். வங்கியில் போட்ட பணத்தை மறந்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். இந்த வாக்காளர்களுக்கு அந்த நிம்மதி ஒருநாளும் வாய்த்ததில்லை. யாரை ஆதரித்தால் என்ன கிடைத்தது, யார் ஏமாற்றினார் என்று நூற்றைம்பது ஆண்டுகளாகக் கணக்கு எழுதி வருகிறார்கள். அந்தக் கணக்கைப் பற்றிய கேள்விகள்தான் கீழே இருக்கின்றன.

கறுப்பினத்தவர் எப்போதுமே ஜனநாயகக் கட்சியைத்தான் ஆதரித்தார்களா?

இல்லை. முதல் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அவர்கள் குடியரசுக் கட்சிக்காரர்கள். அடிமை முறையை ஒழித்த ஆபிரகாம் லிங்கனின் கட்சி அது. ஜனநாயகக் கட்சியோ தெற்கில் பழைய அடிமை முதலாளிகளின் கட்சி. அடிமையாகப் பிறந்து, தப்பி வந்து, அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய பேச்சாளராக வளர்ந்த ஃபிரெடெரிக் டக்ளஸ், குடியரசுக் கட்சியே கப்பல், மற்றதெல்லாம் கடல் என்று சொன்னார். 1888இல் அந்தக் கட்சியின் மாநாட்டில் அதிபர் வேட்பாளர் தேர்வின்போது அவருக்கு ஒரு வாக்கு விழுந்தது. ஒன்றே ஒன்று. கப்பலில் அவர்களுக்கு எந்த இடம் ஒதுக்கப்பட்டிருந்தது என்பதற்கு அதுவே போதும்.

1870இலேயே வாக்குரிமை வந்துவிட்டதே, பிறகு ஏன் 1965 வரை போராட்டம்?

ஏட்டில் வந்தது. இனத்தின் பெயரால் வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 15ஆவது திருத்தம் 1870இல் சொன்னது. அதே ஆண்டு மிசிசிப்பியிலிருந்து ஹைரம் ரெவல்ஸ் என்ற கறுப்பினத்தவர் செனட்டுக்குப் போனார். 1877இல் ஒரு பேரம் நடந்தது. தகராறில் சிக்கிய அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் ஹேய்ஸ் பதவி ஏற்க, அதற்கு ஈடாகத் தெற்கில் காவலுக்கு நின்ற மத்திய அரசின் படை விலகியது. அதன்பின் "இனம்" என்ற சொல்லையே எழுதாமல் வாக்குரிமையைப் பறிக்கும் வித்தையைத் தென் மாநிலங்கள் கற்றுக்கொண்டன. வாக்களிக்கத் தலைவரி கட்ட வேண்டும். எழுத்தறிவுத் தேர்வில் தேற வேண்டும், தேறினாயா இல்லையா என்பதை வெள்ளை அதிகாரி முடிவு செய்வார். லூசியானாவில் உன் பாட்டன் வாக்களித்திருந்தால் உனக்கு இந்தத் தேர்வு வேண்டாம் என்று ஒரு விதி. அடிமையின் பாட்டன் எங்கே வாக்களித்தான்? அந்த மாநிலத்தில் 1896இல் பட்டியலில் 1,30,334 கறுப்பின வாக்காளர்கள் இருந்தார்கள். 1904இல் 1,342 பேர்.

மிசிசிப்பியில், இந்தத் தடைகளை உடைத்த 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் வருவதற்கு முன் தகுதியுள்ள கறுப்பினத்தவரில் பதிவு பெற்றவர்கள் ஏறத்தாழ 7 சதவீதம். 1967இல் ஏறத்தாழ 60 சதவீதம். இரண்டே ஆண்டு. மக்களுக்கு ஆர்வமில்லை என்று அதுவரை சொல்லி வந்தவர்கள் வாயடைத்துப் போயிருக்க வேண்டும். அடைக்கவில்லை என்பது வேறு கதை.

லிங்கனின் கட்சியை எப்போது கைவிட்டார்கள்?

1932இல் ராபர்ட் வான் என்ற பத்திரிகை அதிபர், கிளீவ்லாந்தில் பேசும்போது, வீட்டுக்குப் போய் லிங்கனின் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள், அந்தக் கடன் முழுதாக அடைந்துவிட்டது என்றார். பிட்ஸ்பர்க்கிலிருந்து வந்த அவருடைய 'கூரியர்' இதழ், நாடெங்கும் கறுப்பினக் குடும்பங்கள் படித்த இதழ். ஆனாலும் அந்த ஆண்டு பெரும்பாலோர் படத்தைத் திருப்பவில்லை, குடியரசுக் கட்சியின் ஹூவருக்கே வாக்களித்தார்கள். வென்றவர் ஜனநாயகக் கட்சியின் ரூஸ்வெல்ட். நாலாண்டு அவருடைய ஆட்சியைப் பார்த்தார்கள். நிவாரண வேலைத் திட்டங்களில் பாகுபாடு இருந்தது, கூலியில் ஏமாற்று இருந்தது. ஆனாலும் அடுப்பு எரிந்தது. 1936இல் பத்தில் ஏழு பேர் ரூஸ்வெல்ட்டின் பக்கம் வந்துவிட்டார்கள்.

தலைவர் சொன்னதும் மந்தையாகத் திரும்பவில்லை, கையில் எதுவோ வந்த பிறகே திரும்பினார்கள் என்பதைக் கவனியுங்கள். இந்தக் குணம் பிறகும் பல முறை தலைகாட்டும்.

அத்துடன் முடிந்துவிட்டதா?

முடியவில்லை. 1948இல் ராணுவத்தில் இனப் பிரிவினையை ஒழிக்க ஆணையிட்ட ஜனநாயகக் கட்சியின் ட்ரூமனுக்கு அள்ளிக் கொடுத்தார்கள். 1956இல் குடியரசுக் கட்சியின் ஐசன்ஹோவருக்கு ஏறத்தாழ 40 சதவீதம் போனது. நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமின் ஜனநாயகக் கட்சி எம்.பி. ஆடம் கிளேட்டன் பவல் அந்த முறை கட்சி எல்லையைத் தாண்டி ஐசன்ஹோவரை ஆதரித்தார். 1960இல்கூட அதே கட்சியின் நிக்சனுக்கு மூன்றில் ஒரு பங்கு கிடைத்தது. இரண்டு கட்சிகளும் கதவைத் தட்டிக்கொண்டிருந்த காலம் அது.

ஒரு தொலைபேசி அழைப்பு 1960 தேர்தலை மாற்றியது என்கிறார்களே, உண்மையா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

1960 அக்டோபரில் அட்லாண்டாவில் ஒரு பெரிய கடையின் உணவகத்தில் கறுப்பினத்தவருக்கு இடம் தராததை எதிர்த்து உட்கார்ந்து போராடிய மார்ட்டின் லூதர் கிங் கைதானார். மற்றவர்களை விட்டுவிட்டார்கள். கிங்கை விடவில்லை. சில மாதங்களுக்கு முன், அலபாமா ஓட்டுநர் உரிமத்தை வைத்துக்கொண்டு ஜார்ஜியாவில் கார் ஓட்டினார் என்று ஒரு வழக்கு இருந்தது. அதன் நன்னடத்தை நிபந்தனையை மீறிவிட்டார் என்று நான்கு மாதக் கடுங்காவல் விதித்து, இரவோடு இரவாக ரீட்ஸ்வில் சிறைக்குக் கொண்டுபோனார்கள். தெற்கில் ஒரு கறுப்பினத்தவரை இரவில் கொண்டுபோகிறார்கள் என்றால் வீட்டார் என்ன நினைப்பார்கள்? மனைவி கொரெட்டா அப்போது கர்ப்பிணி.

நிக்சனுக்குக் கிங்கை முன்பே தெரியும். அவர் வாய் திறக்கவில்லை. அவரை எதிர்த்து நின்ற ஜனநாயகக் கட்சியின் கென்னடி, உதவியாளர்கள் சொன்னபடி, கொரெட்டாவைத் தொலைபேசியில் அழைத்துச் சில நிமிடங்கள் ஆறுதல் சொன்னார். தம்பி ராபர்ட் நீதிபதியிடம் பேசினார். கிங் வெளியே வந்தார். கிங்கின் தந்தை ஒரு பாப்டிஸ்ட் பாதிரியார்; கென்னடி கத்தோலிக்கர் என்பதாலேயே நிக்சனுக்கு வாக்களிக்க இருந்தவர். என் மருமகளின் கண்ணீரைத் துடைத்தவருக்கே என் வாக்கு, என்னிடமுள்ள வாக்குகளையெல்லாம் ஒரு பெட்டியில் கட்டிக் கொடுப்பேன் என்று அறிவித்தார். (கிங்குக்கு இப்படி மதவெறி பிடித்த அப்பாவா என்று வியந்த கென்னடி, அப்பா என்று எல்லோருக்கும் ஒருவர் இருக்கத்தானே செய்கிறார் என்று சிரித்தாராம். கென்னடியின் அப்பாவும் அதே பெயர் எடுத்தவர் என்பது தெரிந்தவர்களுக்கு இந்தச் சிரிப்பு புரியும்.)

தேர்தலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, நீலத் தாளில் அச்சிட்ட துண்டறிக்கைகள் லட்சக்கணக்கில் கறுப்பினத் தேவாலயங்களின் வாசலில் விநியோகமாயின. வாய் திறக்காத நிக்சனா, இதயமுள்ள கென்னடியா என்பதே அதன் சாரம். வெள்ளை வாக்காளர்களின் கண்ணில் படாமல் வேலை முடிந்தது. இல்லினாயில் கென்னடி வென்றது 9,000க்கும் குறைவான வாக்குகளில். அந்த அழைப்புதான் அவரை அதிபராக்கியது என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. நூலிழையில் முடிந்த தேர்தலில் எந்தக் காரணத்தையும் முழுக்காரணம் என்று காட்டலாம். கிங் யாரையும் ஆதரித்து அறிக்கை விடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அப்பா பேசினார், மகன் பேசவில்லை.

அப்படியென்றால் கதவு முழுதாக மூடியது எப்போது?

1964இல். இனப் பாகுபாட்டைத் தடை செய்த மக்கள் உரிமைச் சட்டத்துக்கு செனட்டில் குடியரசுக் கட்சியின் 33 பேரில் 27 பேர் ஆதரவளித்தார்கள். எதிர்த்த ஆறு பேரில் ஒருவரான பாரி கோல்ட்வாட்டரையே அந்தக் கட்சி அதிபர் வேட்பாளராக நிறுத்தியது. பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன் 1960இல் நிக்சனுக்காக வேலை செய்தவர். சான் ஃபிரான்சிஸ்கோ மாநாட்டிலிருந்து திரும்பியபோது, ஹிட்லரின் ஜெர்மனியில் யூதனாக இருப்பது எப்படியென்று இப்போது தெரிகிறது என்றார். அந்தத் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் ஜான்சனுக்குப் போனது 90 சதவீதத்துக்கும் மேல். அதன்பின் எந்தக் குடியரசுக் கட்சி வேட்பாளரும் கறுப்பின வாக்கில் 20 சதவீதத்தைத் தொடவில்லை.

கறுப்பினத்தவர் ஒருவர் நின்றால் ஆதரவு தானாக வந்துவிடும் அல்லவா?

வந்துவிடும் என்று நினைப்பவர்கள் ஷெர்லி சிஷோமைக் கேட்டிருக்க வேண்டும். அமெரிக்கக் காங்கிரசுக்குத் தேர்வான முதல் கறுப்பினப் பெண் அவர். 1972இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராவதற்குப் போட்டியிட்டபோது, கறுப்பின ஆண் தலைவர்களில் பலர் வெல்லக்கூடிய வெள்ளை வேட்பாளர்களின் பக்கம் போய் நின்றார்கள். வேட்பாளரை முடிவு செய்யும் கட்சி மாநாட்டில் அவருக்குக் கிடைத்தவை 152 பிரதிநிதி வாக்குகள். கறுப்பாக இருந்ததைவிடப் பெண்ணாக இருந்ததால்தான் அதிகம் தடுக்கப்பட்டேன் என்று அவர் பிற்காலத்தில் சொல்லி வந்தார்.

1984இல் அதே போட்டியில் கறுப்பினத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன் நின்றார். கொரெட்டா கிங்கும், கிங்கின் வலக்கையாக இருந்த ஆண்ட்ரூ யங்கும் வெள்ளை வேட்பாளரான வால்டர் மாண்டேலை ஆதரித்தார்கள். குடியரசுக் கட்சி அதிபர் ரேகனை வீழ்த்துவதே முதல் வேலை, அதை ஜாக்சனால் செய்ய முடியாது என்பது அவர்கள் வாதம். மாநாட்டில் யங் பேச எழுந்தபோது ஜாக்சனின் ஆட்கள் கூச்சல் போட்டார்கள். ஆனால் சாதாரண வாக்காளர்கள் தலைவர்களின் வாதத்தைக் கேட்கவில்லை. பெருவாரியாக ஜாக்சனுக்கே போட்டார்கள். 1988இல் ஏறத்தாழ 70 லட்சம் வாக்குகள் பெற்றார். இம்முறையும் வேட்பாளராகவில்லை. ஆனால் தோற்றவர் சும்மா போகவில்லை: வாக்கு விகிதப்படி பிரதிநிதிகளைப் பகிர வேண்டும் என்று கட்சி விதியை மாற்ற வைத்தார். இருபது ஆண்டு கழித்து ஒபாமா ஹிலரி கிளின்டனை முந்தியது அந்த விதியால்தான்.

ஒபாமாவின் கதையும் நினைப்பது போல இல்லை. 2007இல் கறுப்பின வாக்காளர்களிடையே முன்னணியில் இருந்தவர் ஹிலரி. 1965இல் வாக்குரிமைப் பேரணியில் செல்மா பாலத்தில் மண்டை உடைபட்ட ஜான் லூயிஸே ஹிலரியை ஆதரித்தார். திருப்பம் 2008 ஜனவரி 3. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வெள்ளையரான அயோவா மாநிலத்தின் உட்கட்சித் தேர்தலில் ஒபாமா வென்றார். வெள்ளையர் இவருக்கு வாக்களிப்பார்களா என்ற சந்தேகத்தை வெள்ளையரே தீர்த்து வைத்தார்கள். அதே மாதம் 26ஆம் தேதி தென் கரோலினாவில் கறுப்பினத்தவரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் ஒபாமா பக்கம். பிப்ரவரியில் லூயிஸும் மாறினார். "நம்மவர்" என்ற பாசம் இருந்தது, ஐயமில்லை. ஆனால் பாசம் பேசும் முன் கணக்கு பேசியது.

ஒரே கட்சிக்கு அள்ளிப் போட்டால் பேரம் பேசும் பலம் போய்விடாதா?

போகும். இதை மறுப்பவர்கள் கட்சிக்காரர்கள் மட்டுமே. "எங்கே போய்விடப் போகிறார்கள்" என்ற எண்ணம் ஒரு கட்சிக்கும், "எப்படியும் வரப்போவதில்லை" என்ற எண்ணம் மறு கட்சிக்கும் வந்துவிட்டால் இரண்டு பக்கமும் அலட்சியம்தான் மிஞ்சும்.

ஆனால் கட்சி மாறிப் பார்த்த அனுபவமும் அவர்களுக்கு இருக்கிறது. 1912இல் கறுப்பின அறிஞர் டு பாய்ஸும் பத்திரிகையாளர் வில்லியம் மன்றோ டிராட்டரும் துணிந்து ஜனநாயகக் கட்சியின் உட்ரோ வில்சனை ஆதரித்தார்கள். வில்சன் நியாயமாக நடப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். பதவிக்கு வந்ததும் அவருடைய அமைச்சர்கள் மத்திய அரசு அலுவலகங்களில் கறுப்பின ஊழியர்களுக்குத் தனி அறை, தனிக் கழிப்பறை என்று பிரித்தார்கள். 1914 நவம்பரில் டிராட்டர் வெள்ளை மாளிகைக்கே போய் முகத்துக்கு நேரே கேட்டார். உங்கள் பேச்சு முறை என்னை அவமதிக்கிறது என்று சொல்லி வில்சன் அவரை வெளியே அனுப்பினார். ஆதரித்தவருக்குக் கிடைத்த மரியாதை.

பலம் கூடுவதற்காகக் கட்சி மாறுங்கள் என்று வெளியிலிருந்து அறிவுரை சொல்வது சுலபம். மாறிப் போகிற வீட்டில் பாய் விரித்திருக்கிறார்களா என்று பார்த்துத்தானே போக முடியும்?

தேவாலயங்கள் வேட்பாளரை ஆதரித்துப் பிரசாரம் செய்யலாமா?

வரிவிலக்குப் பெற்ற அமைப்பு இன்னாருக்கு வாக்களியுங்கள் என்று சொல்லக் கூடாது என்று 1954 முதல் சட்டம் இருக்கிறது. வேட்பாளர் ஞாயிறு வழிபாட்டுக்கு வருவதையோ, முன்வரிசையில் உட்காருவதையோ, பாதிரியார் அவரைப் "பழைய நண்பர்" என்று அறிமுகப்படுத்துவதையோ சட்டம் தடுக்கவில்லை. வழிபாடு முடிந்ததும் பேருந்தில் ஏற்றி முன்கூட்டிய வாக்குப்பதிவுக்கு அழைத்துப்போகும் வழக்கமும் உண்டு. யாருக்குப் போட வேண்டும் என்று பேருந்தில் யாரும் சொல்ல வேண்டியதில்லை.

2020இல் பைடனைக் காப்பாற்றியது தென் கரோலினாவா?

ஆம். முதலில் நடந்த உட்கட்சித் தேர்தல்களில், அயோவாவில் நான்காம் இடம், நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாம் இடம். பைடனுக்கு இரங்கல் குறிப்பு எழுதிவிட்டார்கள். தென் கரோலினாவில் ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில், அதாவது வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில், வாக்களிப்பவர்களில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர். அங்கே ஜிம் கிளைபர்ன் என்ற மூத்த எம்.பி.யின் சொல்லுக்கு மதிப்பு அதிகம். அவர் யாரையும் ஆதரிக்காமல் இருந்தார். ஒரு சாவு வீட்டு வழிபாட்டில் முன்வரிசையில் இருந்த மூதாட்டி ஒருவர் அவரைக் கைகாட்டி அழைத்து, யாருக்குப் போடப் போகிறாய் என்று காதோடு காதாகக் கேட்டார். இவரும் காதோடு சொன்னார். எங்களுக்கெல்லாம் இது தெரிய வேண்டும் என்றார் அந்த அம்மாள். பிப்ரவரி 26 அன்று கிளைபர்ன் அறிவித்தார்: நமக்கு ஜோவைத் தெரியும், அதைவிட முக்கியம், ஜோவுக்கு நம்மைத் தெரியும். மூன்றாம் நாள் பைடன் பாதியளவு வாக்குகளுடன் வென்றார்.

இலவசமாக அல்ல. உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கறுப்பினப் பெண்ணை நியமிப்பேன் என்று அந்த அறிவிப்புக்கு முந்தைய நாள் விவாத மேடையில் பைடன் சொல்லியிருந்தார். அதைச் சொல்லும்படி அவரை நெருக்கியவர் கிளைபர்ன். 2022இல் கெட்டாஞ்சி பிரவுன் ஜாக்சன் நீதிபதியானார். பேரம் பேசத் தெரியாதவர்கள் என்று இவர்களைப் பற்றி யார் சொன்னது?

கமலா ஹாரிஸை அவர்கள் கறுப்பினத்தவராகப் பார்த்தார்களா, இந்தியராகவா?

நம் வாசகர்கள் கேட்காமல் விடாத கேள்வி. தாய் சியாமளா கோபாலன் தமிழ்க் குடும்பத்தவர்; திருவாரூர் மாவட்டத் துளசேந்திரபுரத்தில் அவர்களுக்கு வேர் உண்டு; அங்கே கோயிலில் பூசை நடந்தது நமக்கெல்லாம் தெரியும். தந்தை ஜமைக்காக்காரர். ஆனால் கறுப்பின வாக்காளருக்கு ரத்தச் சதவீதத்தைவிட வேறு அடையாளங்கள் முக்கியம்: கறுப்பினத்தவருக்கென்று வளர்ந்த ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் படித்தவர், 1908இல் அங்கே தொடங்கிய ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா என்ற மகளிர் சங்கத்தின் உறுப்பினர். பட்டம் பெற்று நாற்பது ஆண்டானாலும் "அக்கா, தங்கை" என்று ஓடிவருகிற அமைப்பு அது. 2024 ஜூலை 21 அன்று பைடன் விலகிய இரவே, கறுப்பினப் பெண்களின் இணையவழிக் கூட்டத்தில் 44,000 பேர் கூடி, சில மணி நேரத்தில் 15 லட்சம் டாலர் திரட்டினார்கள். வாக்குப்பதிவிலும் கறுப்பினப் பெண்களில் பத்தில் ஒன்பது பேர் ஹாரிஸ் பக்கம்.

ஆண்கள்?

ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு ஹாரிஸுக்கு. இளைஞர்களில் ஒரு பகுதி ட்ரம்பின் பக்கம் நகர்ந்தது. விலைவாசி, வேலை, தங்களைக் கேட்காமலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளும் கட்சி மீது எரிச்சல். ஒபாமா பிட்ஸ்பர்க்கில், பெண் அதிபர் என்பதாலா தயங்குகிறீர்கள் என்ற தொனியில் கடிந்துகொண்டது பலருக்குக் கசந்தது. கசந்ததில் நியாயம் இருக்கிறது என்பது என் எண்ணம். வெள்ளை ஆண்களில் பெரும்பாலோர் ஒபாமாவுக்கே போட்டதில்லை. அவர்களை உட்காரவைத்து யாரும் பாடம் நடத்தவில்லை.

அமெரிக்காவில் இருக்கிறேன், குடியுரிமை இல்லை. பிரசாரத்தில் சேரலாமா?

வாக்களிக்க முடியாது. பச்சை அட்டை இருந்தால் நன்கொடை தரலாம். வேலை விசாவில் இருப்பவர் நன்கொடை தரக் கூடாது. ஊதியம் பெறாமல் தொண்டராக வேலை செய்யலாம்.

மிசிசிப்பி போன்ற மாநிலங்களில் வாக்களித்து என்ன பயன்? எப்படியும் குடியரசுக் கட்சிதானே வெல்கிறது?

கசப்பான கேள்வி. கறுப்பின அமெரிக்கரில் பாதிக்கு மேற்பட்டோர் தெற்கில் வாழ்கிறார்கள். மிசிசிப்பியில் மக்கள்தொகையில் அவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். வேறெந்த மாநிலத்திலும் அவ்வளவு விகிதம் இல்லை. ஆனால் மாநிலத்தில் முந்தியவருக்கே, அதிபரை முடிவு செய்யும் அதன் தேர்வாளர் வாக்குகள் அத்தனையும் என்ற விதியால், 1976இல் கார்ட்டர் வென்ற பிறகு அவர்களின் அதிபர் வாக்கு ஒவ்வொரு முறையும் காற்றில் போகிறது. அதே தெற்கில் ஜார்ஜியாவில் 2020இல் பைடன் 11,779 வாக்குகளில் வென்றார் என்பதால் எல்லா இடத்திலும் நம்பிக்கை செத்துவிடவில்லை.

தெற்கின் கறுப்பின வாக்குக்கு உண்மையில் எடை கிடைப்பது நவம்பரின் அதிபர் தேர்தலில் அல்ல, பிரைமரியில்தான். அதனால்தான் வெள்ளையர் நிறைந்த அயோவாவும் நியூ ஹாம்ப்ஷயரும் ஏன் முதலில் வாக்களிக்க வேண்டும் என்று பல ஆண்டுகளாகக் கேட்டு வந்தார்கள். ஜனநாயகக் கட்சி கடைசியில் இசைந்து, 2024 பிப்ரவரி 3 அன்று தென் கரோலினாவுக்கு முதல் வரிசையைக் கொடுத்தது. பெயர் சொல்லும்படி எதிர்த்து நிற்க யாருமில்லை; பைடன் 90 சதவீதத்துக்கும் மேல் பெற்றார். ஐந்தரை மாதத்தில் போட்டியிலிருந்து விலகியும் விட்டார்.